கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குவது ஏன்? சின்னப்பாலத்திலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். நிறைய கேள்வி சேர்ந்து கெடக்கு. ஆனா இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்கப்போறேன். பாம்பன் சின்னப்பாலத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க எழுதுனதை அப்படியே வாசிச்சிடுறேன்.

"அண்ணே, எங்க ஊர்ல தென்கடல் பக்கம் ரெண்டு நாளா தண்ணி கரும்பச்சையா கெடந்துச்சு. மூணாம் நாள் காலையில ஓரா, கிளிமீன், விலாங்கு எல்லாம் செத்துக் கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு. எங்க அப்பத்தா, இது பூங்கோரை, காலங்காலமா வர்றதுதான், ரெண்டு நாள்ல போயிரும்ங்கிறாங்க. காலேஜ்ல படிக்கிற என் தம்பி, எவனோ கெமிக்கல் கழிவைத் தொறந்து விட்டிருக்கான்ங்கிறான். வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை. யார் சொல்றது சரி? ஒதுங்குன மீனைத் திங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். ஒதுங்குன மீனை எடுக்காதீங்க. அது எப்ப செத்துச்சு, எவ்வளவு நேரமாச் சூட்டுல கெடந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. பூங்கோரைங்கிறது கடலைப் பச்சையாக்குற ஒரு நுண்ணுயிரோட கூட்டம், அது மனுஷனைக் கொல்ற மாதிரி விஷத்தை மீனுக்குள்ள ஏத்துதுன்னு யாரும் கண்டதில்ல. ஆனா கடல்ல நிறம் மாத்துற எல்லாமே பூங்கோரையும் இல்ல. விஷம் உள்ள பாசிகளும் உலகத்துல இருக்கு. கண்ணால பார்த்து இது அதுதான்னு நாமளே தீர்ப்பு சொல்லிக்கிட்டுக் கொழம்பு வைக்கக் கூடாது. கருவாடு போட்டுடலாம்னு சில பேர் நினைப்பாங்க, அதுவும் வேண்டாம். நாய், கோழி திங்காம புதைச்சிடுங்க.

இப்ப அப்பத்தா, தம்பி சண்டைக்கு வருவோம். நீங்க சொல்ற அடையாளம், அந்தக் கரும்பச்சை நிறம், தென்கடல்ங்கிற மன்னார் வளைகுடா, மூணாம் நாள் பாறை மீனா ஒதுங்குறது, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா அப்பத்தா சொன்ன பேருதான் சரின்னு தோணுது. வீட்லயே சோதிச்சுப் பார்க்கலாம். நான் செஞ்சதைச் சொல்றேன்.

2019 செப்டம்பர்ல பாம்பன்லேர்ந்து குருசடைத் தீவுப் பக்கம் வரைக்கும் கடல் பச்சையாச்சே, நம்ம பக்கம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்ப ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல மொண்டு எடுத்துட்டு வந்து ஜன்னல்கிட்ட வெளிச்சத்துல வெச்சேன். மொதல்ல ஒண்ணும் தெரியல, பச்சை சாயம் கரைச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணை ரொம்பக் கிட்டக் கொண்டு போனாத் தெரியுது, அது சாயம் இல்ல, புள்ளி புள்ளியா இருக்கு. வேகவெச்ச ஜவ்வரிசியை ரவை அளவுக்குச் சின்னதாக்கினா எப்படி இருக்கும், அப்படி உருண்டை உருண்டையா. ஒவ்வொண்ணும் தனித்தனியா மெதக்குது. அரை மணி நேரம் அசையாம வெச்சேன். எல்லாம் மேல ஏறி, பாட்டில் கழுத்துல விரல் மொத்தத்துக்குப் பச்சை ஆடை கட்டிடுச்சு. கீழ தண்ணி தெளிஞ்சு நின்னுச்சு. கெமிக்கல் சாயமா இருந்தா இப்படிப் பிரிஞ்சு மேல வந்து ஆடை கட்டாது. தம்பிகிட்ட இதைச் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க. ராத்திரி வெளக்கை அணைச்சுட்டு பாட்டிலைக் குலுக்கிப் பாருங்க, பளிச்சுன்னு நீல வெளிச்சம் வரலாம். அதே 2019 ஆகஸ்ட்ல சென்னைக் கடற்கரையில அலை நீலமா மின்னுச்சுன்னு ஊரே போய்ப் பார்த்துச்சே, அதுக்குக் காரணமும் இதே ஜாதி உயிர்தான்.

அதே பாட்டிலை மூடி வெச்சுட்டு மறுநாள் காலையில தொறந்தேன். கக்கூஸ் கழுவாமக் கெடந்தா ஒரு நெடி வருமே, அந்த நெடி மூக்குல ஏறுச்சு. பச்சை ஆடை பழுப்பாயிருந்துச்சு. உங்க ஊர்ல மூணாம் நாள் என்ன நடந்துச்சோ, அது அந்த ஒரு லிட்டருக்குள்ள எனக்கு ஒரே ராத்திரியில நடந்துடுச்சு.

அந்த உருண்டையோட அறிவியல் பேரு நாக்டிலூகா. ஒத்தை செல் உயிர். பாசி பாசின்னு நாம சொல்றோம், ஆனா இது வாய் வெச்சுத் திங்கிற பிராணி மாதிரி. தண்ணியில இருக்கிற டயாட்டம்ங்கிற நுண்பாசியையும், மீன் முட்டையைக்கூட விழுங்கும். அப்ப பச்சை நிறம் எங்கேருந்து வருது? அந்த உருண்டைக்குள்ள ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டிப் பச்சை உயிர்கள் நீந்திக்கிட்டே குடியிருக்கு. அதுங்க வெயில்ல சமைச்சு வீட்டுக்காரனுக்கும் சோறு போடுது. அதாவது இதுக்கு ரெண்டு அடுப்பு. வெளியில தீனி கெடைச்சாத் தின்னும், கெடைக்கலேன்னா உள்ள இருக்கிறவன் சமைப்பான். குளிர்ந்த கடல்கள்ல இருக்கிற நாக்டிலூகாவுக்கு இந்தக் குடித்தனக்காரன் கெடையாது, அங்க அது செவப்பாத் தெரியும். நம்மது மாதிரி வெதுவெதுப்பான கடல்லதான் இந்தப் பச்சை. இன்னொண்ணு, அது மெதக்குறதுக்குத் தன் உடம்புக்குள்ள அம்மோனியத்தைச் சேர்த்து வெச்சிருக்கு. பாட்டில்ல வந்த நெடிக்குக் காரணம் அதுதான், செத்ததும் அது வெளிய வந்துடும்.

சரி, மீனை எது கொல்லுது? இதைத்தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. கடல்ல விஷம் கலந்துடுச்சு, விஷம் கலந்துடுச்சுன்னு பேசுறோம். அம்மோனியா ஒரு பக்கம் தொந்தரவு குடுக்கும்தான், செவுள்ல கொழகொழன்னு ஒட்டிக்கும்தான். ஆனா பெரிய கொலைகாரன் மூச்சுத்திணறல். நாம சுவாசிக்கிற காத்துல ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜன் இருக்கு. நல்ல கடல் தண்ணியில ஒரு லிட்டருக்கு வெறும் 6 மில்லிகிராம் மாதிரிதான். மீன் அவ்வளவு கொஞ்சத்துல வாழப் பழகின உயிர். அதுல பாதி கொறைஞ்சாலே அதுக்குத் தள்ளாடும். 2019-ல தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்க மண்டபம் பக்கத்துல சிங்கிள் தீவுல தண்ணிக்குள்ள இறங்கி அளந்தாங்க. 2 மில்லிகிராமுக்கும் கீழ போயிருந்துச்சு. அந்த ஆய்வுக் கட்டுரை அடுத்த வருஷமே வெளிவந்துச்சு.

அந்த ஆக்சிஜனை யார் குடிக்கிறா? பகல்ல உள்ள இருக்கிற பச்சைக் குடித்தனக்காரன் ஆக்சிஜன் விடுவான். பொழுது சாஞ்சா அதுவும் நின்னு போகும். கோடிக்கணக்கான உருண்டையும் ராத்திரி பூரா மூச்சு மட்டும் வாங்கும். அதுலயும் கூட்டம் வயசாகிச் சாக ஆரம்பிச்சுட்டா, அழுக வைக்கிற பாக்டீரியா வந்து மிச்ச மீதி ஆக்சிஜனையும் உறிஞ்சிடும். அதனால விடியக்காலம் நாலு மணி, அஞ்சு மணிதான் கடலுக்கு ரொம்பக் கெட்ட நேரம். நீங்க "மூணாம் நாள் காலையில"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலயே பாதி விஷயம் எனக்குப் புரிஞ்சுடுச்சு. மத்தியானம் பன்னெண்டு மணிக்குத் தண்ணி எடுத்து அளந்துட்டு ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்குன்னு சொன்னா, அது திருடன் போனப்புறம் வீட்டைப் பார்த்த கதைதான்.

ஒதுங்குன மீன் ஜாதியையும் கவனிங்க. ஓரா, கிளிமீன், விலாங்கு. எல்லாம் பார், அதாவது கடலுக்குள்ள இருக்கிற பவளப்பாறை, அதையும் பொந்தையும் நம்பி வாழ்றதுங்க. சாளை, நெத்தலி மாதிரி கூட்டமாத் திரியுறது தண்ணி சரியில்லேன்னா வெலகிப் போயிடும். பொந்துல இருக்கிறது, ஆபத்து வந்தா பொந்துக்குள்ளதான் இன்னும் ஆழமாப் போகும். அங்கதான் காத்து மொதல்ல தீரும்.

அப்புறம், நகரவே முடியாத ஒருத்தர் இருக்கார். பவளம். கரையில அது ஒதுங்காது, அதனால யாரும் அழுறதில்ல. அந்தச் சிங்கிள் தீவுல மான்கொம்பு மாதிரி கெளை விட்டு வளர்ற பவளம்தான் அதிகம் செத்துச்சு. வேகமா வளர்ற ஜாதி அது. மீன் குஞ்சுக்கு ஒளிய எடம் குடுக்கிறதும் அதுதான். நான் அந்தச் சமயத்துல ஒரு நாள் முகமூடி போட்டு இறங்கிப் பார்த்தேன். பவளத்து மேல இருக்கிற சதை மூக்குச்சளி மாதிரி உரிஞ்சு தொங்குச்சு. கையை அசைச்சா அந்த அலையிலயே பிரிஞ்சு போகுது. கீழ வெள்ளை எலும்பு. அதுக்குப் பக்கத்துல ஒரு நண்டு, மேல ஏறி வர்ற மாதிரி காலை நீட்டினபடியே செத்துக் கெடந்துச்சு. எனக்குப் பேச்சு வரல, அன்னிக்கு.

இப்ப, இது ஏன் வருது? இங்க அப்பத்தாவை ஒதுக்கிட்டுப் பேச முடியாது. பூங்கோரை பழைய விருந்தாளிதான். பூங்கோரைன்னு நம்ம ஊர்ல பேரு இருக்குன்னாலே அது நேத்து வந்தது இல்லன்னு அர்த்தம். 2008 அக்டோபர்லயும் இதே மன்னார் வளைகுடாவுல வந்துச்சு. காலத்தைப் பாருங்க, செப்டம்பர், அக்டோபர். கச்சான் காத்து அடங்கி, வாடை இன்னும் பிறக்காத இடைவெளி. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கெடக்கும். நீரோட்டம் தெசை மாறும். வடகடல், அதாவது பாக் விரிகுடாத் தண்ணி பாம்பன் வழியாவும் தனுஷ்கோடி மணல்திட்டு வழியாவும் தென்கடலுக்கு எறங்க ஆரம்பிக்கும். நம்ம பெரியவங்க வடகடலைப் பெண் கடல், தென்கடலை ஆண் கடல்னு சொல்றாங்கல்ல, ஒண்ணு ஆழம் கொறைஞ்சு அமைதியா இருக்கும், இன்னொண்ணு ஆழமும் அலையும். ரெண்டும் கலக்குற அந்த வாசல்ல மெதக்குற பொருள் எல்லாம் ஒண்ணாச் சேரும். கொஞ்சம் கொஞ்சமாச் செதறிக் கெடந்த பூங்கோரை ஒரே மூலையில அடைஞ்சா, அது குருசடை, சிங்கிள் தீவு, உங்க சின்னப்பாலம் பக்கம்தான் வந்து நிக்கும். இதுல மனுஷன் கை எதுவும் இல்ல.

ஆனா அந்தக் கூட்டம் எவ்வளவு பெருசுங்கிறது தீனியைப் பொறுத்தது. தீனின்னா டயாட்டம். டயாட்டத்துக்குத் தீனி நைட்ரஜன், பாஸ்பரஸ். வயலுக்குப் போடுற யூரியாவும், நம்ம கக்கூஸ் தண்ணியும், இறால் பண்ணைத் தண்ணியும் கடலுக்கு ஒண்ணுதான், எல்லாமே உரம். மழை பெஞ்சு வைகைத் தண்ணி ஆத்தங்கரையில வடகடலைத் தொடும்போது கரைஞ்சு வர்றதெல்லாம் அதுல இருக்கும். இறால் குட்டையில போடுற தீவனத்துல இருக்கிற நைட்ரஜன்ல ஏறக்குறைய கால் பங்குதான் இறால் உடம்புல சேரும், மிச்சம் தண்ணியிலயும் அடிச் சேத்துலயும் நிக்கும். அறுவடை முடிஞ்சு மடையைத் தொறந்தா அது எங்க போகும்? தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஓடைகள்ல நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். 1996-லயே உச்ச நீதிமன்றம் கடற்கரை இறால் பண்ணைகளைப் பத்திக் கடுமையாத் தீர்ப்பு சொல்லுச்சு. 2005-ல அதுக்குன்னு தனிச் சட்டமும் வந்துச்சு. கழிவுத் தண்ணியைத் தேக்கித் தெளிய வெச்சுத்தான் விடணும். தெளிய வெக்கிற குட்டைக்கு ஒதுக்குற நிலத்துலயும் இறால் விட்டா இன்னும் லாபமேன்னு கணக்குப் போடுறவங்களாலதான் பிரச்சனை. ஒழுங்காச் செய்றவங்களும் இருக்காங்க, அவங்களை நான் குறை சொல்லல.

அதனால உங்க தம்பி தேடுற அந்த ஒத்தை ஆளு, ராத்திரியோட ராத்திரியா குழாயைத் தொறந்து விட்ட வில்லன், இதுல இல்ல. அப்படி ஒருத்தன் இருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும். நம்ம வீட்டு செப்டிக் டேங்க் லாரி எங்க கொட்டுதுன்னு நாம கேக்குறமா? ராமேஸ்வரத்துக்கு அமாவாசை அமாவாசைக்கு வர்ற அத்தனை ஆயிரம் சனத்தோட கழிவு எங்க போகுதுன்னு கேக்குறமா? தம்பியோட கோபம் நியாயம்தான், அது போக வேண்டிய எடம் இன்னும் நிறைய இருக்கு.

அரபிக்கடல்ல இந்தப் பச்சை நாக்டிலூகா எப்படிப் பெருகுச்சுன்னு ஜோவாகிம் கோயஸ், ஹெல்கா கோமஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினாங்க. ரெண்டு பேருமே கோவாக்காரங்க. அவங்க 2014-ல சொன்னது, ஆக்சிஜன் கொறைஞ்ச தண்ணியில மத்த நுண்பாசி தெணறும், நாக்டிலூகாவுக்குள்ள இருக்கிற அந்தக் குடித்தனக்காரன் மட்டும் நல்லா வேலை செய்வான்னு. யோசிச்சுப் பாருங்க, ஆக்சிஜனைக் கொறைக்கிறதும் அது, கொறைஞ்ச எடத்துல செழிக்கிறதும் அது. அது அரபிக்கடல் கதை, நம்ம வளைகுடாவுக்கு அப்படியே பொருத்திட முடியாது. ஆனா கடல் சூடாகச் சூடாக அதுல ஆக்சிஜன் கரையிறது கொறையும்ங்கிறது எல்லாக் கடலுக்கும் பொது.

அப்பத்தாகிட்ட நான் ஒண்ணு மட்டும் சொல்ல ஆசைப்படுறேன். அப்பத்தா, நீங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது வந்த பூங்கோரையும் இப்ப வர்றதும் ஒரே பூங்கோரையா இருக்கலாம். அது அடிக்கிற ஒடம்பு அதே ஒடம்பு இல்ல. அன்னிக்கு நம்ம பார் தெம்பா இருந்துச்சு. அடி வாங்கினாலும் மெதுவாத் தேறி வந்துடும். அதுக்கப்புறம் என்ன ஆச்சு? சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் கடல்ல கல்லைப் பேத்து வள்ளம் வள்ளமாக் கொண்டு வந்தோம். ராமேஸ்வரத்துலேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுன்னு கணக்கு. அதுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்கு மேல இப்ப இல்ல. முன்னாடி கல் இருந்து அலையைத் தடுத்துச்சு, கல்லை எடுத்தோம், அலை மணலை எடுத்துடுச்சு. 1986-ல தேசியப் பூங்கா ஆச்சு, 2001-ல பவளத்தைப் புலி, யானைக்குச் சமமா சட்டத்துல சேர்த்தாங்க, அப்புறம்தான் கல் எடுக்கிறது அடங்குச்சு. தேறுற நேரத்துல சூடு வந்துச்சு. 2010, 2016, ரெண்டு கோடையிலயும் தண்ணி கொதிச்சு பவளம் வெளுத்துச்சு. 2016-ல வெளுத்ததுல நிறைய திரும்ப வரவே இல்ல. மிஞ்சினதைத்தான் மூணு வருஷத்துல பூங்கோரை வந்து அமுக்குச்சு.

இதுல இன்னொரு பாசி கதையும் இருக்கு. சொல்லலேன்னா முழுசா சொன்ன மாதிரி ஆகாது. நம்ம பொம்பளைங்க காலங்காலமா மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி எடுத்துப் பொழைக்கிறாங்க. கப்பாபைகஸ்னு ஒரு வெளிநாட்டுப் பாசி 1990-கள்ல மண்டபத்துக்கு வந்துச்சு, பெப்சி பாசின்னு நம்ம ஊர்ல சொல்றது. மூங்கில் தெப்பத்துல கட்டி வளர்த்தா 45 நாள்ல காசு. அது எத்தனை வீட்டுல அடுப்பு எரிய வெச்சுச்சுன்னு எனக்குத் தெரியும், எங்க சொந்தத்துலயே உண்டு. ஆனா 2008-ல அது குருசடைத் தீவுப் பவளத்து மேல படர்ந்து கெடக்குறதா ஆய்வு வந்துச்சு. பவளத்து மேல தார்ப்பாய் போட்டு மூடின மாதிரி, வெயில் கீழ போகாது. அதைக் கையால பிச்சு எடுத்தாலும் ஒரு துண்டு விட்டுப்போனா மறுபடி வளரும். நான் பாசி வளர்க்காதீங்கன்னு சொல்ல வரல. தீவுகளுக்குப் பக்கத்துல வேண்டாம், அறுந்து போன கயித்தையும் துண்டையும் கடல்ல விடாம அள்ளிட்டு வாங்க, அவ்வளவுதான் கேக்குறேன். இந்த விஷயத்தைத் தனியா ஒரு நாள் பேசணும், நிறைய இருக்கு.

சரி தங்கச்சி, அடுத்த தடவை வந்தா என்ன செய்யலாம்னு கேப்பீங்க. பச்சை தெரிஞ்ச அன்னிக்கே தேதி, காத்து எந்தத் தெசை, நீரோட்டம் எந்தப் பக்கம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. விடியறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில், மத்தியானம் ஒரு பாட்டில் எடுத்து வைங்க. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ மீன்துறைக்கோ அன்னிக்கே சொல்லிடுங்க. மீன் ஒதுங்குனப்புறம் சொன்னா அவங்களால சாவைத்தான் எண்ண முடியும். கரை ஓரம் கூண்டுல நண்டோ மீனோ உசுரோட வெச்சிருக்கிறவங்க இருந்தா மொத நாளே அதை வேற தண்ணிக்கு மாத்தச் சொல்லுங்க, ராத்திரி வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தண்ணியில இறங்கிப் பாசி எடுக்கப் போற அக்காங்க, பச்சை தெளியிற வரைக்கும் தள்ளிப் போடுறது நல்லது, கண்ணுலயும் ஒடம்புலயும் எரிச்சல் வரும்னு போனவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்.

அப்புறம் ஒரு உதவி. உங்க அப்பத்தாவை உக்கார வெச்சு, அவங்களுக்குத் தெரிஞ்சு பூங்கோரை எந்தெந்த வருஷம் வந்துச்சுன்னு கேளுங்க. வருஷம் ஞாபகம் இல்லேன்னா, தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, யார் கல்யாணத்துக்கு முன்னாடி, எந்தப் புள்ள பொறந்தப்பன்னு கேட்டாலே போதும், அவங்க கரெக்டா சொல்லிடுவாங்க. அப்ப என்ன மீன் செத்துச்சு, எத்தனை நாள் நின்னுச்சு, அதையும் கேளுங்க. உங்க தம்பியை எழுதச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சண்டை போடுற நேரத்துல இந்த வேலையைச் செஞ்சா, அந்த நோட்டு எனக்கு வேணும். அனுப்புங்க, வாசிச்சுட்டு நானே நேர்ல வந்து அப்பத்தாகிட்டப் பேசுறேன்.